முதல் ராக் ரிஃப்: ஃப்ரெட் எண்ணைவிடத் தாளம் முக்கியம்

ராக் வாசிக்க வேண்டும் என்று கிட்டாரைத் தூக்குபவர்களிடம் நான் முதலில் கார்டு (பல சுரங்களை ஒன்றாக ஒலிப்பது) எதுவும் சொல்லிக் கொடுப்பதில்லை. நேராக ரிஃப்தான். ஒரு பாட்டின் தொடக்கத்திலேயே வந்து, திரும்பத் திரும்ப ஒலித்து, கேட்டவுடன் "ஓ, அந்தப் பாட்டா!" என்று சொல்ல வைக்கும் அந்தச் சின்னத் துணுக்குதான் ரிஃப். நாலைந்து சுரங்களில் முடிந்துவிடும். விரல் நுனி காய்த்துப்போகாத முதல் வாரத்திலேயே ஒன்றை வாசித்துவிடலாம். அந்தச் சந்தோஷம் முதலில் கிடைத்துவிட்டால் மற்ற பயிற்சிகளுக்குப் பொறுமை தானாக வரும்.

எலக்ட்ரிக் கிட்டார் இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். அக்கூஸ்டிக்கில் கம்பி கொஞ்சம் தடிமன், அழுத்தம் கூட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ட்யூனிங் சரியாக இருந்தே ஆக வேண்டும். தடித்த கம்பியிலிருந்து மெல்லியது வரை இ, ஏ, டி, ஜி, பி, இ. போனில் இலவச ட்யூனர் ஆப் ஒன்று போதும். ஒவ்வொரு முறை உட்காரும்போதும் சரிபாருங்கள். சுருதி விலகிய கிட்டாரில் சரியாக வாசித்தாலும் தப்பாகத்தான் கேட்கும். குற்றம் நம் விரல்மேல் என்று நினைத்து மனம் விட்டுவிடுவோம்.

கம்பிகளின் எண் மெல்லியதில் தொடங்குகிறது: மெல்லியது 1, தடித்தது 6. டேப் என்று இணையத்தில் கிடைக்கும் கிட்டார் குறியீட்டில் ஆறு கோடுகள் இருக்கும், அடிக்கோடு தடித்த கம்பி. கோட்டின் மேலுள்ள எண் எந்த ஃப்ரெட் (கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளால் பிரியும் கட்டம்) என்று சொல்லும். 0 என்றால் கம்பியை அழுத்தாமல் மீட்டுவது. விரலை ஃப்ரெட் கம்பிக்கு மேலேயே வைக்காமல், அதை ஒட்டிப் பின்னால் வையுங்கள். அங்கே வைத்தால் பாதி அழுத்தமே போதும், கர்ரென்ற இரைச்சலும் வராது.

சரி, ரிஃப்புக்கு வருவோம். நான் தொடங்குவது டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்', 1972-இல் வந்த 'மெஷின் ஹெட்' ஆல்பத்தில் இருப்பது. எல்லாரும் தொடங்குவது அதில்தானே என்று கேட்கலாம். ஆமாம், அதில் காரணம் இருக்கிறது. ஆனால் பலரும் இதை ஆறாவது கம்பியில் கற்றுக்கொடுக்கிறார்கள். நான் மூன்றாவது கம்பியில் சொல்லித் தருவேன். அங்கே வாசித்தால் பாட்டின் அசல் சுருதியிலேயே விழும், பின்னால் நிஜ வடிவத்துக்குப் போவதும் ரொம்பச் சுலபம்.

எண்கள் இவை: 0 3 5, 0 3 6 5, 0 3 5, 3 0. மூன்றாம் ஃப்ரெட்டுக்கு ஆள்காட்டி விரல், ஐந்துக்கு மோதிர விரல், ஆறுக்குச் சுண்டு விரல்.

பத்து நிமிடத்தில் எண்கள் மனப்பாடம் ஆகிவிடும். ஆனாலும் வாசித்தால் அந்தப் பாட்டு மாதிரி கேட்காது. ஏனென்றால் எண்களில் தாளம் இல்லை. கிட்டாரைக் கீழே வையுங்கள். காலால் சீராகத் தட்டிக்கொண்டே ஒவ்வொரு தட்டுக்கும் "தக" என்று சொல்லுங்கள். கால் தரையில் படும்போது "த", மேலே எழும்போது "க". நாலு தட்டு ஒரு சுற்று: தக தக தக தக. இப்போது சுரங்கள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள்; அடைப்பிலுள்ள எண் அதற்கு முந்தைய எழுத்தில் விழும் சுரம்.

முதல் சுற்று: த(0)க, த(3)க, த(5)க, தக(0).
இரண்டாம் சுற்று: தக(3), தக(6), த(5)க, தக.
மூன்றாம் சுற்று: த(0)க, த(3)க, த(5)க, தக(3).
நான்காம் சுற்று: தக(0), அப்புறம் அந்த 0 அப்படியே நீளும்.

முதல் மூன்று சுரங்கள் காலோடு சேர்ந்து விழுகின்றன. நான்காவது சுரத்தில் ரிஃப் காலை விட்டு விலகி, "க"வுக்குத் தாவுகிறது. இரண்டாம் சுற்றில் 3, 6 இரண்டும் "க"வில்தான். 6-ஐத் தொட்டவுடன் 5 வந்து காலோடு மறுபடி சேர்கிறது. அந்த விலகலும் சேர்தலும்தான் இந்த ரிஃப்பின் உயிர். எல்லாச் சுரத்தையும் காலில் போட்டு வாசித்தால் சுரம் சரியாக இருக்கும், பாட்டு இருக்காது. அதனால் முதலில் வாயால் பாடுங்கள், அப்புறம் தொடையில் தட்டிப் பாடுங்கள், அதன் பிறகுதான் கிட்டார். வாயில் வராத தாளம் விரலில் வந்து நான் பார்த்ததில்லை.

மெட்ரோனோமை (சீராகத் தட்டிக் காட்டும் தாளக் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். அசல் பாட்டு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகம். அதைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். தடுமாறாமல் தொடர்ந்து நாலு தடவை வந்தால் ஐந்து கூட்டுங்கள். தடுமாறினால் பத்து குறையுங்கள். தப்பு வந்த இடத்தை மட்டும் பிய்த்தெடுத்து, அந்த இரண்டு சுரத்தை மட்டும் சுற்றிச் சுற்றி வாசிப்பது, முழு ரிஃப்பையும் முதலிலிருந்து ஓட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

இன்னொரு விஷயம், இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை: சுரத்தை நிறுத்துவது. சுரங்களுக்கு நடுவே வரும் மௌனம் சுத்தமாக இருந்தால்தான் ரிஃப் நறுக்கென்று கேட்கும். அழுத்திய சுரத்தை நிறுத்த விரலைத் தூக்க வேண்டாம்; அழுத்தத்தை மட்டும் விடுங்கள், விரல் கம்பியைத் தொட்டபடியே இருக்கட்டும். ஒலி டக்கென்று நின்றுவிடும். விரலை முழுதாகத் தூக்கினால் திறந்த கம்பி தானாக முனகும். 0 வாசித்ததை நிறுத்த, இடது கை விரல்களைத் தட்டையாகக் கம்பிமேல் சாய்த்தால் போதும். இந்த ஒன்றை மட்டும் ஐந்து நிமிடம் செய்து பாருங்கள்: 5-ஐ அடி, நிறுத்து, அடி, நிறுத்து. ஆம்பில் (ஒலிபெருக்கியில்) டிஸ்டார்ஷன், அதாவது ராக்கின் அந்தக் கரகரப்பு, போட்ட பிறகு இதன் அருமை தெரியும். டிஸ்டார்ஷன் தெரியாமல் பட்ட கம்பியையெல்லாம் பெரிதாக்கிக் காட்டிவிடும்.

ஒற்றைக் கம்பியில் வந்துவிட்டதா? இப்போது நான்காவது கம்பியையும் சேருங்கள், அதே எண்கள்தான். விரலைத் தட்டையாக வைத்து இரண்டு கம்பியையும் ஒன்றாக அழுத்தி, ஒன்றாக மீட்டுங்கள். அதுதான் அசல் ஒலி. டீப் பர்ப்பிளின் கிட்டாரிஸ்டாக இதை வாசித்த ரிச்சி பிளாக்மோர், பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) இல்லாமல் விரல்களால் கிள்ளி வாசிப்பவர். கட்டை விரல் நான்காவதுக்கு, ஆள்காட்டி விரல் மூன்றாவதுக்கு. இரண்டும் ஒரே கணத்தில் எழும். பிக்கில் உரசும்போது அந்த அடர்த்தி வராது.

அடுத்தது 'செவன் நேஷன் ஆர்மி', தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ், 2003. ஐந்தாவது கம்பி மட்டும்: 7 7 10 7 5 3 2. முதல் 7 நீளம். கடைசி 3-க்கும் 2-க்கும் இரண்டிரண்டு தட்டு முழுசாகக் கொடுக்க வேண்டும், அங்கே அவசரப்பட்டால் கனம் போய்விடும். பேஸ் கிட்டார் மாதிரி ஒலித்தாலும் வாசித்தது சாதா கிட்டார்தான், பெடல் மூலம் ஒரு ஸ்தாயி கீழே இறக்கியிருக்கிறார்கள். 7, 10, 7 வரை கை நகராது. அதன்பின் ஆள்காட்டி விரலைக் கம்பியிலிருந்து எடுக்காமல் 5, 3, 2 என்று சறுக்கிக்கொண்டு போங்கள். கண் விரலைப் பார்க்காமல், விரல் போக வேண்டிய ஃப்ரெட்டைப் பார்க்கட்டும்.

ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' (1965) ரிஃப்பும் இதே ஐந்தாவது கம்பியில் 2, 4, 5 என்ற மூன்று ஃப்ரெட்டுக்குள் முடிந்துவிடுகிறது. அதை டேப் பார்க்காமல் காதால் கண்டுபிடியுங்கள். 2-இல் தொடங்குகிறது, அவ்வளவுதான் சொல்வேன்.

பவர் கார்டை இதற்குப் பிறகு எடுங்கள். ஆறாவது கம்பி மூன்றாம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல், ஐந்தாவது கம்பி ஐந்தாம் ஃப்ரெட்டில் மோதிர விரல். இரண்டே சுரம், மேஜரும் இல்லை மைனரும் இல்லை. அதனால்தான் டிஸ்டார்ஷனில் குழம்பாமல் திடமாக நிற்கிறது. முழுக் கார்டு அங்கே கலங்கிவிடும். ஆள்காட்டி விரலைச் சற்றுப் படுக்க வைத்து மெல்லிய கம்பிகளைத் தொட்டு அடக்குங்கள். எல்லாம் கீழ்நோக்கிய அடி. வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜ் (கிட்டார் உடலில் கம்பிகள் முடியும் இடம்) அருகே கம்பிமேல் லேசாக வைத்தால் 'டுக் டுக்' என்று அடங்கி ஒலிக்கும். அதுதான் பாம் மியூட். கையை ஓர் அங்குலம் முன்னே தள்ளினால் ஒலியே செத்துவிடும், பிரிட்ஜை ஒட்டியே இருங்கள்.

வலிக்கும். விரல் நுனி எரிந்தால் நிறுத்திவிட்டு மறுநாள் வாருங்கள், தினம் 15 நிமிடம் தாராளம். மணிக்கட்டோ முன்கையோ வலித்தால் அது வேறு. தேவைக்கு மேல் அழுத்துகிறீர்கள், அல்லது மணிக்கட்டு மடங்கியிருக்கிறது. தோளைத் தளர்த்தி, கட்டை விரலை நெக்கின் (கிட்டார் கழுத்தின்) பின்னால் நடுவில் வைத்துப் பாருங்கள்.

இவ்வளவும் ஓரளவு கைக்கு வந்ததும் சொந்தமாக ஒன்று செய்யுங்கள். ஆறாவது கம்பியில் 0, 3. ஐந்தாவதில் 0, 2. நான்காவதில் 0, 2. இந்த ஆறு இடங்களை எந்த வரிசையில் வாசித்தாலும் காதுக்கு ஒத்துப்போகும். முதலில் சுரமே இல்லாமல் "தக தக தக தக" இரண்டு சுற்றுக்கு ஒரு தாளத்தை வாயால் அமையுங்கள். இரண்டாவது சுற்றின் முதல் "த"வைக் காலியாக விடுங்கள். பிறகு அந்தத் தாளத்துக்குள் சுரங்களை இறக்குங்கள். போனில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். வாய் தானாக அதை முணுமுணுத்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு சுரத்தை மட்டும் "த"விலிருந்து "க"வுக்குத் தள்ளிப் பாருங்கள்.