இயேசுவின் கல்லறை கிடைத்துவிட்டதா? செய்தியைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இயேசுவின் எலும்புப் பெட்டி கிடைத்துவிட்டது, சர்ச் மறைக்கிறது" என்று பரபரப்பாகப் பகிரப்படும் செய்தி பெரும்பாலும் எருசலேமின் தல்பியோத் கல்லறையைப் பற்றியதுதான். உயிர்த்தெழுந்தவருக்கு எலும்புப் பெட்டி ஏது, மகன் ஏது? அதனால்தான் இவ்வளவு சூடு.

மறைத்தார்கள் என்பதே முதல் தவறு. 1980-இல் கட்டட வேலையின்போது கல்லறை வெளிப்பட்டது. உள்ளே, இறந்தவர்களின் எலும்புகளைச் சேர்த்து வைக்கும் பத்துச் சுண்ணாம்புக்கல் பெட்டிகள். ஆறில் பெயர்கள் இருந்தன: யோசேப்பின் மகன் இயேசு, மரியா, யோசே, மத்தியா, இயேசுவின் மகன் யூதா, அப்புறம் கிரேக்க எழுத்தில் மரியாம்னே என்பதுபோல ஒன்று. ஆய்வாளர் ஆமோஸ் க்ளோனர் 1996-இலேயே அறிக்கை வெளியிட்டுவிட்டார். பரபரப்பு வந்தது 2007-இல், தவக்காலம் பார்த்து ஒரு டிவி ஆவணப்படம் ஒளிபரப்பானபோது.

பெயர்களைப் பார்த்ததும் அசந்துபோவது அடுத்த தவறு. அக்கால யூதேயாவில் சுமார் ஐந்தில் ஒரு பெண்ணுக்கு மரியா என்ற பெயர். யோசேப்பும் யூதாவும் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். 'யோசேப்பின் மகன் இயேசு' என்று பொறித்த வேறொரு பெட்டி 1931-லேயே பதிவாகியிருக்கிறது. தல்பியோத் பெட்டியிலோ எழுத்து ஒரே கிறுக்கல். அது 'இயேசு'தானா என்றே சில அறிஞர்கள் சந்தேகப்படுகிறார்கள்.

சரி, இத்தனை பெயர்களும் ஒரே இடத்தில் சேர்ந்து வருவது? இது இயேசுவின் குடும்பக் கல்லறைதான் என்பதற்குச் சாதகமாக ஆவணப்படம் இங்கேதான் '600-க்கு 1' என்ற எண்ணை நீட்டியது. கணக்குப் போட்டவர் டொராண்டோ பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் ஆண்ட்ரே ஃபாயர்வெர்கர். கணக்கில் பிழை தேடுவதைவிட அதற்குள் போட்ட அனுமானங்களைப் பார்க்க வேண்டும். மரியாம்னே என்பது இயேசுவின் சீடரான மகதலேனா மரியாள்தான் என்று முன்கூட்டியே எடுத்துக்கொண்டார்கள். அந்த ஒன்றை உருவினால் எண் சரிந்துவிடும். இயேசுவின் குடும்பத்தோடு பொருந்தாத மத்தியா என்ற பெயருக்கோ மதிப்பெண் குறைக்கவில்லை.

டிஎன்ஏ கதை இன்னும் மோசம். இயேசு, மரியாம்னே பெட்டிகளில் ஒட்டியிருந்த எச்சங்களை மட்டும் சோதித்தார்கள். தாய்வழி உறவு இல்லை என்று வந்தது. உடனே 'கணவன் மனைவி' என்று முடிவு கட்டிவிட்டார்கள்! அண்ணியாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம், தகப்பன் வழித் தங்கையாகக்கூட இருக்கலாம். மகன் என்று சொல்லப்பட்ட யூதாவின் பெட்டியைச் சோதிக்கவே இல்லை.

விசுவாசிகள் பக்கத்திலும் ஒரு தவறு நடக்கிறது: "எல்லாம் போலி" என்று ஒரே அடியாகத் தள்ளுவது. கல்லறை உண்மையானது, அரசுத் தொல்லியலாளர்களே அகழ்ந்தது. கேள்வி அது யாருடையது என்பது மட்டுமே.

போலி என்ற சந்தேகம் விழுந்தது வேறொரு பெட்டிமேல்: 2002-இல் அறிவிக்கப்பட்ட, 'இயேசுவின் சகோதரன் யாக்கோபு' என்று பொறித்த பெட்டி. அது அகழாய்வில் கிடைத்ததல்ல, ஒரு பழம்பொருள் சேகரிப்பாளரிடம் இருந்தது. அவர்மீதான மோசடி வழக்கில் 2012-இல் போலிக் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. உடனே "கோர்ட்டே உறுதி செய்துவிட்டது" என்று கிளம்பினார்கள். இந்தத் தீர்ப்பால் பொறிப்பு உண்மையானது என்று ஆகிவிடாது என நீதிபதி சொன்னதை யாரும் பகிரவில்லை. அந்தப் பெட்டிதான் தல்பியோத்தின் பத்துப் பெட்டிகளில் 'காணாமல்போனதாக'ச் சொல்லப்படும் பத்தாவது பெட்டி என்று வேறு முடிச்சுப் போடுகிறார்கள். பத்தாவதில் எழுத்தே இல்லை என்பது க்ளோனரின் பதிவு.