ஒரே மஞ்சள் கல்லில் சவரக்கத்தி தீட்டுவது எப்படி

போன மாதம் ஏற்காட்டிலிருந்து ஒரு தம்பி கடைக்கு வந்தான். காப்பித் தோட்டத்தில் வேலை. பழைய வேட்டித் துணியில் சுற்றியிருந்த கத்தியை எடுத்து மேசைமேல் வைத்து, "அண்ணா, எங்க தாத்தா கத்தி. ரெண்டு கல்லு வாங்கித் தேய்ச்சும் பார்த்துட்டேன். மயிரை அறுக்க மாட்டேங்குது, பிடுங்குது" என்றான். பிரித்துப் பார்த்தால் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஊர்க் கத்தி. எஃகில் ஒரு குறையும் இல்லை. வாயை, அதாவது அறுக்கும் விளிம்பைத்தான் பாழாக்கி வைத்திருந்தான். வெங்காயம் நறுக்கும் கத்திக்குச் செய்வதுபோல முதுகைத் தூக்கிப் பிடித்துத் தீட்டியிருக்கிறான்.

முதல் பாடம் அதுதான். சவரக்கத்திக்கு நாம் கோணம் பார்க்க வேண்டியதில்லை. முதுகும் வாயும் இரண்டுமே கல்லில் படிய வேண்டும். முதுகின் தடிமனிலேயே கோணத்தை வைத்துத்தான் கத்தியை அடித்திருக்கிறார்கள். முதுகு தூக்கினால் கதை முடிந்தது.

எனக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சலூன். வருகிறவர்களுக்குப் பிளேடு மாற்றும் கத்திதான். ஒரு ஆளுக்கு ஒரு பிளேடு, அதில் சமரசம் கிடையாது. தீட்டும் கத்தி என் சொந்த முகத்துக்கு மட்டும். அப்பாவின் அடைப்பத்தில் (சவரப் பையில்) இருந்த கருங்கல் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நடுவில் குழிந்து தோணி மாதிரி ஆகிவிட்டது. அவர் கை அந்தக் குழிக்குப் பழகியிருந்தது, கத்தியும் பேசாமல் வேலை செய்தது. நமக்கு அது வராது. மேடுபள்ளம் இல்லாத கல்தான் வேண்டும்.

நான் வைத்திருப்பது பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டும் கோட்டிக்யூல் என்ற தீட்டுக்கல். சந்தன மஞ்சள் நிறம். மஞ்சள் அடுக்கு மெல்லியது, தனியாக விட்டால் உடைந்துவிடும் என்பதால் அடியில் பலகைக்கல் ஒட்டித் தருவார்கள். அதில் எஃகை அறுப்பது கார்னெட் என்ற கனிமத்தின் பொடிப்பொடியான மணிகள். தெற்கே கடற்கரை மணலில் கிடைக்கிறதே, அதே குடும்பம்தான். ஆனால் மணல் மாதிரி இல்லை, மைக்ரான் கணக்கில் நுணுக்கம். அமெரிக்காவின் ஆர்கன்சா கல் முழுக்கக் குவார்ட்ஸ் வகை. கடினம், மெதுவாகத்தான் வேலை செய்யும், கடைசி மெருகுக்கு நல்லது. ஜப்பானில் கியோட்டோ பக்கத்துக் கற்கள் அருமையானவை, விலையைக் கேட்டால் வந்த வழியே திரும்பிவிடுவோம்.

"சேலத்தைச் சுற்றி இவ்வளவு மலை இருக்கிறதே, நம்ம ஊர்க் கல் ஆகாதா?" என்று எல்லோரும் கேட்பார்கள். நானும் கேட்டவன்தான். ஏற்காடு மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் கிடந்த கல்லைப் பொறுக்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்து மட்டமாக்கினேன். அதில் கத்தியை ஓட்டி, பூதக்கண்ணாடியில் வாயைப் பார்த்தால் ரம்பம்! ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை முழுக்கச் சார்னோக்கைட் பாறை. கல்கத்தாவில் இருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகை என்பதால் அந்தப் பெயர். குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் கண்ணால் பார்க்கும் அளவுக்குப் பெரிய மணிகள். அரிவாளுக்கு வேண்டுமானால் ஆகும். மாமாங்கம் பக்கத்து வெள்ளைக்கல்லும் உதவாது. அது மேக்னசைட், எஃகைவிட மென்மையான கல். மலை உச்சியில் முன்பு வெட்டியெடுத்த பாக்சைட்டும் அப்படியே தேய்க்க ஆகாது. ஆனால் பாக்சைட்டை மின் உலையில் உருக்கித்தான் செயற்கைச் சாணைக்கல்லுக்கான அலுமினியம் ஆக்சைடு எடுக்கிறார்கள். அந்த வகையில் ஏற்காட்டுக்கும் நம்ம தொழிலுக்கும் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, வேலைக்கு வருவோம். கல் புதிதானாலும் பழையதானாலும் மட்டம் பார்க்க வேண்டும். கல்மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போடுங்கள். தடிக் கண்ணாடிமேல் 400 எண் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்து ஒட்டி, அதில் கல்லைக் கவிழ்த்துத் தேய்க்க வேண்டும். எல்லாக் கோடும் ஒன்றுபோல அழிந்தால் மட்டம். நடுவில் கோடு மிஞ்சினால் இன்னும் குழி இருக்கிறது. கல்லின் ஓர முனைகளையும் லேசாக உருட்டிவிடுங்கள், கத்தி அங்கே தட்டும்.

அப்புறம் கத்தி. வாயில் கண்ணுக்குத் தெரிகிற பல் விழுந்திருந்தால் இயற்கைக் கல்லில் மாரடிக்காதீர்கள். 1000 எண் செயற்கைக் கல்லில் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள். தம்பியின் கத்திக்கு அதைத்தான் செய்தேன்.

இனி மஞ்சள் கல்லின் சூட்சுமம். கல்மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதே வகைச் சிறு துண்டால் தேய்த்தால் பால் மாதிரிக் கரைசல் வரும். இதைக் கடைந்த மோர் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். கார்னெட் மணிகள் கல்லைவிட்டு வெளியே வந்து உருளும்போது வேகமாக அறுக்கும். கத்தியைப் படுக்கவைத்து, ஒரு விரலால் லேசாக அழுத்தி, முன்னும் பின்னும் 30 தடவை. புரட்டி மறுபக்கம் 30. கரைசல் சாம்பல் நிறமானால் எஃகு தேய்கிறது என்று அர்த்தம். புரட்டும்போது முதுகின்மேல்தான் உருட்ட வேண்டும், வாயின்மேல் அல்ல. முன்கை மயிரை நுனி முதல் பிடிப்பக்கம் வரை எல்லா இடத்திலும் சிரைக்கும் வரை இந்தக் கட்டத்தை விடாதீர்கள். இங்கே அவசரப்பட்டவனுக்கு மேலே எந்தக் கல்லும் உதவாது.

ஆனால் அந்தக் கெட்டி மோரே ஓர் அளவுக்குமேல் வாயை மழுக்கும். உருளும் மணிகளுக்குள் வாய் நேராகப் போய் மோதுகிறதல்லவா? அதனால் தண்ணீர் சேர்க்க வேண்டும். விரல் நனைத்து இரண்டு சொட்டு, 15 ஓட்டம். இன்னும் இரண்டு சொட்டு, 15 ஓட்டம். இப்போது அழுத்தம் கூடாது, கத்தியின் கனம் மட்டும். வாய் முன்னே போக, பிடிப்பக்கத்தில் தொடங்கி நுனியில் முடியும்படி சாய்வாக இழுங்கள். கடைந்த மோர் நீர்மோராகி, நீர்மோர் வெறும் தண்ணீராக வேண்டும். நான் ஏழெட்டு முறையாவது தண்ணீர் சேர்ப்பேன். கடைசியில் கல்லைக் கழுவிவிட்டு, சுத்தமான தண்ணீரில் 50 ஓட்டம். கை தானாகவே சொல்லும்: கத்தி கல்லில் லேசாக ஒட்டிக்கொண்டு நகரும், சத்தம் அடங்கிவிடும்.

கழுவும்போது குழாயைப் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கால் மணி நேரம் தீட்டிய கத்தியை ஒருமுறை குழாய் வாயில் 'டிங்' என்று இடித்துவிட்டு, மறுபடி 1000 எண் கல்லில் ஆரம்பித்தேன். அன்று கடையில் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்கவில்லை.

பிறகு வார், அதாவது தீட்டிய கத்தியைத் தடவி மெருகேற்றும் பட்டை. துணிப்பக்கம் 30, தோல்பக்கம் 50. இங்கே முதுகு முன்னே போக வேண்டும், வாய் முன்னே போனால் வார் அறுந்துவிடும். வாரை விறைப்பாகப் பிடிக்க வேண்டும், தொய்ந்தால் வாய் உருண்டுவிடும்.

தம்பிக்குக் கன்னத்தில் ஒரு பக்கம் நானே இழுத்துக் காட்டினேன். மறுபக்கத்தை அவனே சிரைத்துக்கொண்டான், காதோரம் ஒரு சின்னக் கீறலோடு. போகும்போது, "மேல பனி ஜாஸ்திண்ணா, துரு பிடிக்காம இருக்க தேங்காய் எண்ணெய் தடவட்டுமா?" என்றான். மார்கழியில் ஏற்காட்டில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைவிட்டு வெளியே வராது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும் என்று சொல்லி அனுப்பினேன்.