டிரெய்லரில் இரண்டாவது ஏசி: முதலில் பிளக்கைப் பாருங்கள்

டெக்சாஸ் ஆகஸ்ட் வெயிலில், வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் 30 அடி வீட்டு டிரெய்லருக்கு ஒரு ஏசி பத்தாது. முன்பக்கம் குளிர்ந்தாலும் படுக்கையறைச் சுவர் ராத்திரியிலும் சுடும், குழந்தைகள் தூங்க மாட்டார்கள். அதற்காக உடனே ஏசியை வாங்கிவிடாதீர்கள். வெளியே போய் டிரெய்லரின் கரண்ட் பிளக்கில் எத்தனை கால் என்று எண்ணுங்கள்.

நாலு கால் என்றால் 50 ஆம்ப், இரண்டு லைன், மொத்தம் 12,000 வாட், கவலையே இல்லை. மூன்று கால் என்றால் 30 ஆம்ப், 120 வோல்ட்டில் 3,600 வாட்தான். 13,500 பிடியூ ஏசி, அதாவது ஒரு டன்னுக்குச் சற்று மேல், ஏறக்குறைய 13 ஆம்ப் இழுக்கும். இரண்டும் ஓடினால் 26 போய்விடும், அப்புறம் மைக்ரோவேவைத் தொட்டால் பிரேக்கர் விழும். ஏசியில் சாஃப்ட் ஸ்டார்ட் என்ற சின்னக் கருவியை மாட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். அது கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் இழுப்பதைத்தான் குறைக்கும், ஓடும்போது இழுப்பதை அல்ல.

30 ஆம்ப்காரர்களுக்கு நான் சொல்லும் வழி, இரண்டாவது ஏசிக்குத் தனி லைன். வெளியிலிருந்து கரண்ட் வயரைச் செருக வெளிச்சுவரில் ஒரு 20 ஆம்ப் இன்லெட் வைத்து, 12 கேஜ் வயரை நேராக ஏசிக்கு இழுங்கள், பழைய பிரேக்கர் பேனலோடு சேர்க்கவே வேண்டாம். கேம்ப்கிரவுண்ட் கரண்ட் பெட்டிகள் பலவற்றில் 30 ஆம்ப் பக்கத்திலேயே 20 ஆம்ப் அவுட்லெட்டும் இருக்கும். வயரிங் பழக்கமில்லை என்றால் இதை எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள்.

கூரை வேலை அவ்வளவு கஷ்டமில்லை. எல்லா கரண்டையும் பிடுங்கிவிட்டு, படுக்கையறைக் கூரையில் காற்றுக்காக இருக்கும் வென்ட்டின் உள்பக்க ஃபிரேமைக் கழற்றிப் பாருங்கள். சில டிரெய்லர்களில் கம்பெனியே ஏசிக்கான மஞ்சள் வயரைச் சுருட்டி அங்கே வைத்திருக்கும், இருந்தால் பாதி வேலை மிச்சம். வென்ட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில்தான் ஏசியை வைக்கப் போகிறோம்; வென்ட் ஓட்டை 14 அங்குலச் சதுரம்தான், ஏசிக்கும் அதே அளவு. ஆனால் ஏசி 40 கிலோ வரை இருக்கும், அந்த இடத்தில் கூரையின் ஃபிரேம் தாங்குமா என்று டிரெய்லர் கம்பெனியிடம் கேட்டுவிடுங்கள். பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டி, இரண்டு பேராகத் தூக்கி வையுங்கள். தண்ணீர் இறங்காமல் தடுக்க ஏசிக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் மேல் உட்கார்ந்த ஏசியை இழுத்து நகர்த்தக் கூடாது, கேஸ்கெட் கிழிந்தால் முதல் மழையிலேயே ஒழுகும். நாலு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, கேஸ்கெட் அரை அங்குலத்துக்கு அமுங்கியதும் நிறுத்துங்கள். நாலைந்து பயணம் ஆனதும் அந்தப் போல்ட்டுகளை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுங்கள், ரோட்டு அதிர்வில் தளரும்.