மர்மக் கொலை விருந்து நடத்தப் போகிறீர்களா? நான் செய்த தவறுகளைச் செய்யாதீர்கள்

போன மாதம் நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் பள்ளத்தாக்கின் சிற்றூர் ஒன்றில், தீயணைப்பு நிலைய ஹாலில் ஒரு கொலை மர்ம விருந்து நாடகம் பார்த்தேன். விருந்தினர்கள் சாப்பிட்டுக்கொண்டே நாடகம் பார்த்து, துப்புகளை வைத்துக் கொலையாளி யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஊர் நூலகத்துக்கு நிதி திரட்ட இளைஞர்கள் முதல் தடவையாக நடத்தியது. பத்து வருடங்களுக்கு முன் நான் செய்த தவறுகள் ஒவ்வொன்றாகக் கண்முன்னே வந்தன. உட்காரவே முடியவில்லை. வசனம் மறப்பது, மைக் இரைவது எல்லாம் அனைவரும் அறிந்ததுதான், அவற்றை விட்டுவிடுகிறேன்.

முக்கியத் துப்பைத் தட்டுகள் வரும் நேரத்தில் சொல்வது

இது எனக்கு இன்னும் ஆறவில்லை. என் முதல் நாடகத்துக்குப் பன்னிரண்டு மேசைகள், மேசைக்கு எட்டுப் பேர். செத்துப்போன பெரியவருக்குத் தன் கையால் பால் காபி கொடுத்ததாகவும், அவர் ரசித்துக் குடித்ததாகவும் தம்பி மகன் சொல்வான். "பாலைக் கண்டாலே அவருக்கு ஆகாதே" என்று நர்ஸ் பிறகு ஒரு வரி சொல்வாள். கொலையாளியைப் பிடிக்க அந்த ஒரு வரிதான் வழி.

அந்த வரி வந்த நொடியில் சமையலறைக் கதவு திறந்தது. கோழிக்கறித் தட்டுகள் வந்தன, கரண்டிகள் மோதின, "யாருக்கு சைவம்?" என்று குரல் எழுந்தது. நர்ஸுக்குப் பக்கத்து மேசையைத் தவிர யார் காதிலும் எதுவும் விழவில்லை. கடைசியில் சேகரித்த விடைத்தாள்களில் சரியானவை ஐந்து. ஐந்தும் அதே மேசை. ஒரு முதியவர் என்னிடம் வந்து, "கண்டுபிடிக்க எங்களுக்கு வாய்ப்பே தரவில்லையே" என்றார். அவர் சொன்னது நியாயம். மறுவருடம் பாதி நாற்காலிகள் காலி.

பக்கத்தில் நியூ பால்ட்ஸில் உள்ள மொஹாங்க் மலை விடுதியில் 1977-இலேயே மர்ம வார இறுதிகளைத் தொடங்கிவிட்டார்கள். அங்கே வந்தவர்களுக்கு யோசிக்க ஒரு வார இறுதி முழுக்க இருக்கிறது. நமக்கு இருப்பதோ இரண்டரை மணி நேரம், அதில் பாதி சாப்பாடு. தவறவிட்டதைத் திரும்பப் பிடிக்க நேரமே கிடையாது.

அதனால் இப்போது எனக்கு ஒரே சட்டம்: கையில் முள்கரண்டி இருக்கும்போது துப்பு கிடையாது. சாலட் வருவதற்குள் அறிமுகங்கள், அதை முடித்ததும் கொலை. பிரதான உணவுக்கு அரைமணி நேரம் மேடை காலியாக இருக்கட்டும், நடிகர்கள் மேசை மேசையாகப் போய்ப் பேசட்டும். அப்புறம் விசாரணை. சமையலறை வாசலில் நம் ஆள் ஒருவர் நிற்க வேண்டும், அவர் தலையசைக்காமல் ஒரு தட்டும் வெளியே வரக்கூடாது. முக்கியமான துப்பை மூன்று வழிகளில் கொடுங்கள்: மேடையில் ஒரு வரி, மேசையில் ஒரு காகிதம், கேட்டால் நடிகர் சொல்லும் பதில். நர்ஸின் குறிப்பேட்டிலிருந்து ஒரு பக்கம் ஒவ்வொரு மேசையிலும் இருந்திருந்தால் எனக்கு அந்த இரவு வேறு மாதிரி முடிந்திருக்கும்.

கூச்சப்படும் விருந்தினரை இழுத்து நடிக்க வைப்பது

வேண்டாம்.

நிஜம் போன்ற துப்பாக்கி

அமெரிக்காவில், நிறைந்த ஹாலில், கூடவே கூடாது. விஷம் போதும்.

பிணத்தைத் தரையிலேயே விட்டுவிடுவது

தட்டு ஏந்தி வரும் பெண் தடுக்கி விழுவாள். இரண்டு நிமிடத்தில் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

ஒரு பிரதி வாங்கி நகலெடுப்பது

பதிப்பகத்தின் நாடகம் என்றால் மேடையேற்றும் உரிமைக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். நூலகத்துக்கான நிதி நிகழ்ச்சி என்றாலும்தான்.

இரண்டு இரவுக்கும் ஒரே கொலையாளி

பெரிய நகரம் என்றால் பரவாயில்லை. சிற்றூரில் வெள்ளிக்கிழமை இரவு பார்த்தவர் சனிக்கிழமை காலை மளிகைக் கடையில் சொல்லிவிடுவார், மாலையில் வருபவர்கள் விடையோடு வந்து உட்காருவார்கள். பாஸ்டனில் 1980-இல் தொடங்கிய 'ஷியர் மேட்னெஸ்' நாடகத்தில் பார்வையாளர்களின் வாக்குதான் முடிவைத் தீர்மானிக்கிறது. நமக்கு அவ்வளவு தேவையில்லை, இரண்டு முடிவுகள் எழுதினால் போதும். எந்த முடிவு என்ற உறையை நான் அன்று மாலை ஆறு மணிக்குத்தான் நடிகர்கள் கையிலேயே கொடுப்பேன்.