சாக்கு மெத்தையும் இரண்டு கயிறும்: தோட்டத்துப் பிள்ளையைக் கோல் கீப்பராக்குவது

கல்லூரி உதைபந்தாட்ட டீமில் கீப்பராக நின்றவன் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பி வந்தால், பாடசாலையிலும் சரி, தோட்டத்துக் கழகத்திலும் சரி, அவனுக்குக் கொடுக்கும் முதல் வேலை ஒன்றுதான். "நீங்க கீப்பரைப் பார்த்துக்கங்க." மற்றப் பத்துப் பேரும் மேலே ஓடிக்கொண்டிருப்பார்கள். உங்கள் கையில் ஒரு பழைய பந்தும் ஒரு பொடியனும் மிஞ்சும். அடுத்து நீங்கள் செய்யப்போவது எனக்குத் தெரியும், நானும் அதைத்தான் செய்தேன். பத்து மீட்டர் தள்ளி நின்று அவன் மேல் பந்தை உதைத்துக்கொண்டே இருந்தேன். நான் நன்றாக உதைக்கப் பழகினேன். அவனோ மூன்று மாதத்தில் பந்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடப் பழகியிருந்தான்.

நான் இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். கல்வியியற் கல்லூரியில் தங்கிப் படித்த இரண்டு வருடமும் கோலில் நின்றவன். பன்னிரண்டு வருடமாகப் பின்னேரங்களில் கீப்பர்களைப் பழக்குகிறேன். அந்த இடத்துக்குப் புதிதாக வந்து நிற்கும் தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஆளைத் தேர்வது. ஓட முடியாதவனையும் ஆக உயரமானவனையும் கோலில் தள்ளுவது நம் பக்கத்து வழக்கம். என்னையும் அப்படித்தான் தள்ளினார்கள், எனக்கு ஓட்டம் வராது. நான் இப்போது செய்வது வேறு. பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே கையில் இருக்கும் பந்தை ஒருவர் பக்கம் சும்மா தூக்கிப் போடுவேன். பிடிக்கிறாரா என்று பார்ப்பதில்லை. கண் மூடுகிறதா என்றுதான் பார்ப்பேன். கண் திறந்திருந்தால் போதும், மிச்சத்தைப் பழக்கிவிடலாம். கொழுந்து பறிக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குக் கை வேகம் இயல்பாகவே வரும் என்று கொழும்பிலிருந்து வந்த ஒருவர் எனக்கு விளக்கினார். ஐயா, கொழுந்து பறிப்பது அம்மா, பிள்ளை இல்லை.

ஆளைப் பிடித்த பிறகு முதல் இரண்டு கிழமைக்கு அவர் மேல் ஒரு பந்தும் உதைக்க வேண்டாம். விழப் பழக்குங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் இடது தோள். இரண்டாம் வருடம், மழை விட்ட மைதானத்தில், பந்துக்குப் பாய்ந்து முழங்கையை ஊன்றி விழுந்தேன். பந்து தானாகவே வெளியே போய்விட்டது. என் காறையெலும்புதான் முறிந்தது. ஆறு கிழமை கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு விரிவுரைக்குப் போனேன். எப்படி விழ வேண்டும் என்று அதுவரை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததே இல்லை.

நம் மைதானங்கள் புல் மெத்தை இல்லை. பாதி சரளைக் கல், மீதி சரிவு. அதனால் மெத்தையை நீங்களே செய்ய வேண்டும். உரச் சாக்குகள் ஆறு எடுத்து நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். உரம் ஒட்டியிருந்தால் வேர்த்த உடம்பில் எரியும். மானாப்புல்லை அறுத்து இரண்டு நாள் வெயிலில் போட்டு, காய்ந்ததும் சாக்கில் திணித்து வாயைத் தைத்துவிடுங்கள். மூன்று மூன்றாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டினால் ஒரு பிள்ளை விழ இடம் வரும். மழையில் விடாதீர்கள், ஒரு கிழமையில் உள்ளே புழுத்துப்போகும்.

விழுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் காலை நீட்டி உட்கார்ந்து, பந்தை நெஞ்சுக்கு முன் பிடித்துப் பக்கவாட்டில் சாய்வது. அது பழகியதும் முழந்தாளில் நின்று சாய்வது, அப்புறம் குந்தியிருந்து, கடைசியில் நின்ற நிலையிலிருந்து. தரையில் முதலில் படுவது கெண்டைக்காலின் வெளிப்பக்கம், பிறகு தொடை, இடுப்பு, விலா, தோளின் பக்கம். முழங்கையும் வயிறும் முதலில் படவே கூடாது. பந்தைப் பிடித்து விழும்போது ஒரு கை பந்துக்குப் பின்னால், மற்றக் கை மேலே. கீழே இருக்கும் தரைதான் மூன்றாவது கை. பாயும் முன் வைக்கிற அடி முன்பக்கமாகச் சாய்ந்து இருக்கட்டும். பின்னால் அடி வைத்துப் பாய்கிறவர் பந்தோடு சேர்ந்து கோலுக்குள் போவார்.

கைக்கு வருவோம். நெஞ்சுக்கு மேலே வரும் பந்துக்குப் பெருவிரல்கள் இரண்டும் கிட்டக் கிட்ட, இடுப்புக்குக் கீழே வருவதற்குச் சின்ன விரல்கள் கிட்டக் கிட்ட. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை நம் பக்கம் பந்து காய்ந்திருக்கும் நாள் குறைவு. ஈரப் பந்தை எல்லா நேரமும் பிடிக்கச் சொல்லாதீர்கள். வேகமாக வந்தால் பக்கத்தில் தட்டிவிடச் சொல்லுங்கள், முன்னால் தட்டக் கூடாது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் 4ஆம் இலக்கப் பந்து. பெரிய பந்தைக் கொடுத்து விரலைப் பிசகவைக்க வேண்டாம்.

கையுறையைப் பற்றி ஒரு வார்த்தை. என் முதல் ஜோடி, அம்மாவின் நாலு நாள் பேர், அதாவது நாலு நாள் சம்பளம். மழையில் நனைந்ததை அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கவிட்டேன், காலையில் உள்ளங்கைப் பக்கம் பழைய ரொட்டி மாதிரி வெடித்துக் கிடந்தது. கையுறையை வெறும் தண்ணீரில் அலசி, பிழியாமல் அழுத்தி, நிழலில் காற்றில் போடுங்கள். விளையாடும் முன் உள்ளங்கையை லேசாக நனைத்துக்கொண்டால் பிடிப்பு கூடும். முற்றாகக் காய்ந்த கையுறை வழுக்கும்.

இனி நிற்கும் இடம். இதற்கு நான் ஒரு நாள் முழுவதையும் ஒதுக்குவேன். துணி காயப்போடும் நைலோன் கயிறு இரண்டு வேண்டும். ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் ஒன்றைக் கட்டி, இரண்டு நுனியையும் பந்து இருக்கும் இடத்துக்கு இழுத்து வந்து ஆணி அடித்து இறுக்குங்கள். தரையில் உதை போகும் வழி முழுக்க அந்தக் கயிறுகளுக்கு நடுவில்தான். கோலின் அகலம் 7.32 மீட்டர். கோட்டில் நிற்கும் பிள்ளை அவ்வளவையும் காக்க வேண்டும். பந்து நேர் எதிரே 11 மீட்டரில் இருக்கும்போது அவரை நாலு மீட்டர் முன்னே வரச் சொல்லி, கயிறுகளுக்கு நடுவே அளந்து காட்டுங்கள். 4.66 மீட்டர்தான் வரும். பிள்ளையே இரண்டு கையையும் விரித்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கும். அப்புறம் பந்தைக் கையில் எடுத்து அதன் தலைக்கு மேலால் மெதுவாகக் கோலுக்குள் போடுங்கள், சிரிப்பு நிற்கும். கோல் 2.44 மீட்டர் உயரம் என்பது அப்போது மனதில் பதியும். பந்தைப் பக்கவாட்டுக்கு நகர்த்திக் கயிற்றை மறுபடி கட்டுங்கள். நடு இடம் எப்படி நகருகிறது என்று காலால் நடந்து பார்க்க வேண்டும், சொல்லிப் புரியவைக்க முடியாது.

தோட்டத்துக் கோல் கம்பங்களை அளக்காமல் நம்பாதீர்கள். எங்கள் மைதானத்தில் யூக்கலிப்டஸ் கம்பு இரண்டு நட்டிருந்தார்கள், ஒரு மீட்டருக்கு மேல் குறைவு. அதில் பழகிய பொடியன் ஹட்டன் டன்பார் மைதானத்தில் நின்றபோது, வெளியே போகிறது என்று கையை உயர்த்தி இரண்டு பந்தை விட்டான். இரண்டும் கோல். அன்றைக்குப் பிழை அவனுடையது இல்லை, என்னுடையது. கம்பத்தை மாற்ற முடியாவிட்டால் சரியான அகலத்தைத் தரையில் சுண்ணாம்பால் குறித்துவிடுங்கள்.

ஒரே பந்து என்றால் சரிவின் கீழ்ப்பக்கம் பழக்காதீர்கள். பாதி நேரம் தேயிலைக்குள் பந்து தேடுவதில் போகும், தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடம் ஏச்சும் கிடைக்கும். மண்மேடு இருக்கும் பக்கத்தைப் பின்னால் வையுங்கள். மேட்டில் அடித்துத் திரும்பும் பந்து எந்தப் பக்கம் வரும் என்று யாருக்கும் தெரியாது, அதுவே நல்ல பயிற்சி.

மூன்று மணிக்கு மேல் பனிமூட்டம் இறங்கினால் பயிற்சியை நிறுத்தாதீர்கள், குரலைப் பழக்குங்கள். சொல் சின்னதாக இருக்க வேண்டும். "கீப்பர்!" என்றால் நான் வருகிறேன், விலகு. சிங்களப் பிள்ளைகளோடு விளையாடினாலும் அந்தச் சொல் அதுவேதான். பந்துக்குக் கிட்டப் போன பிறகு கத்துவதில் பயனில்லை, புறப்படும்போதே கத்த வேண்டும்.

சட்டத்தில் மூன்று விஷயம் போதும். தன் டீம்காரர் வேண்டுமென்றே காலால் தரும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது, 1992இலிருந்து இது இருக்கிறது. பெனல்டிக்கு உதைக்கும் நொடியில் ஒரு காலின் ஒரு பகுதியாவது கோட்டில், கோட்டுக்கு நேரே அல்லது கோட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும். பந்தைக் கையில் வைத்திருக்க 2025இலிருந்து எட்டு செக்கன், தாண்டினால் எதிரணிக்குக் கோர்னர் உதை. கடைசி ஐந்தை மத்தியஸ்தர் விரலால் எண்ணிக் காட்டுவார். பழைய ஆறு செக்கனை யாரும் எண்ணியதே இல்லை என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

சான்றிதழ் வேண்டுமென்றால் ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் படிகள் டி, சி, பி, ஏ, ப்ரோ என்று போகும். கீப்பர் பயிற்றுநருக்குத் தனியாகவும் உண்டு. நான் காசு சேர்த்து வைத்திருந்த 2023இல் ஜனவரியிலிருந்து ஓகஸ்ட் வரை ஃபீஃபா நம் நாட்டை இடைநிறுத்தியிருந்தது. காசு வீட்டுக் கூரைத் தகரமாகிவிட்டது. இடம் கிடைத்தால் போங்கள், கிடைக்கும்வரை பிள்ளைகளைக் காக்கவைக்காதீர்கள்.

கடைசியாக, வாயை மூடப் பழகுவது. கீப்பராக இருந்தவனுக்கு மிகக் கஷ்டமான பாடம் இது. கோல் விழுந்ததும் கோட்டுக்கு வெளியே நின்று "ஏன் வரல்ல?" என்று கத்தத் தோன்றும். அந்தப் பிள்ளைக்கு அது ஏற்கெனவே தெரியும், மைதானத்தைச் சுற்றி நிற்கும் முந்நூறு பேருக்கும் தெரியும். நான் ஒரு சின்ன நோட்டில் கோல் விழுந்த நிமிடத்தையும் இடத்தையும் எழுதுவேன். கீப்பரின் பிழை என்று பட்டால் பெயருக்கு நேரே ஒரு கோடு. அன்றைக்கு ஒன்றும் கேட்பதில்லை. மறுநாள் பின்னேரம் அதே இடத்தில் பந்தை வைத்து, நின்ற இடத்தில் நிற்கச் சொல்லிக் கயிற்றைக் கட்டுவேன்.

போன கிழமை தரம் 9 படிக்கும் எங்கள் கீப்பரை அப்படி நிறுத்தினேன். வலயப் போட்டியில் இரண்டாவது கோலுக்கு அவளுக்குக் கோடு போட்டிருந்தேன். கயிற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள், கையை விரித்துப் பார்த்தாள்.

"சேர், நான் நின்ற இடம் சரிதானே? பேக்தான் ஆளை விட்டுட்டா. பந்து அவ கால்ல பட்டுத்தான் திரும்புச்சு."

நான் அன்றைக்கு நின்றிருந்தது மற்றக் கோர்னர் பக்கம், அங்கிருந்து அது தெரியாது. பேக்கில் நின்று தடுக்கும் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு "ஓம் சேர்" என்றாள். நோட்டை எடுத்துக் கோட்டை அழித்தேன். அவள் அதற்குள் கயிற்றை அவிழ்த்துச் சுற்ற ஆரம்பித்திருந்தாள்.