கண்காட்சி முடிந்து கோழி வீட்டுக்கு வந்ததும் கவனியுங்கள்

கண்காட்சியிலிருந்து திரும்பிய கோழியை அன்றைக்கே பழைய கூட்டத்தோடு விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. பறவைக் காய்ச்சல் கிருமி எச்சம், எச்சில், மூக்குச் சளி வழியாக வெளியேறும். தொற்றிய உடனே கோழியில் எதுவும் தெரியாது, வாத்துகளிலோ பல நேரம் அறிகுறியே இல்லாமல் பரவும். அதனால் பார்க்க நன்றாக இருந்தாலும் தனிக் கூண்டில், தனித் தீவன, தண்ணீர்ப் பாத்திரங்களோடு 30 நாள் வைத்திருப்பது நல்லது. தினமும் முதலில் வீட்டுக் கோழிகளைக் கவனித்துவிட்டு, கடைசியில்தான் இதனிடம் போக வேண்டும். இந்த வரிசை மாறினால் தனிமைப்படுத்தியதே வீண்.

அப்புறம் செருப்பு. எச்சம் ஒட்டிய செருப்பு, கூண்டு, வண்டிச் சக்கரம் எல்லாமே கிருமியைச் சுமந்து வரும். அழுக்கின் மேலேயே கிருமிநாசினி தெளித்தால் சரியாக வேலை செய்யாது. முதலில் தேய்த்துக் கழுவி, பிறகு கிருமிநாசினி தெளித்து, அதன் லேபிளில் சொல்லியிருக்கும் நேரம் வரை ஊற விட வேண்டும்.

கண்காட்சியில் பாத்திரங்களை இரவல் வாங்கவோ கொடுக்கவோ வேண்டாம். நடத்துபவர்கள் வாத்துகளையும் கோழிகளையும் தள்ளித் தள்ளி வைக்கச் சொன்னால் கோபிக்காதீர்கள், அவர்கள் செய்வது சரிதான்.

கொண்டை நீலம் பாய்வது, தலை வீங்குவது, முட்டை சட்டென்று குறைவது, காரணமில்லாமல் கோழிகள் சாவது, இதில் எது நடந்தாலும் வெறுங்கையால் தொடாமல், மற்ற பறவைகளை எங்கும் அனுப்பாமல், உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.