ஃபேக்கோல லாஞ்சிடியூடினலா டார்ஷனலா, ஒப்பிட்டுப் பாக்குறது எப்படி

புதுசா ஃபேக்கோ (அல்ட்ராசவுண்டால கண்புரையை உடைச்சு உறிஞ்சி எடுக்குற ஆபரேஷன்) கத்துக்கிற கண் டாக்டர் பிஜிங்களுக்குத்தான் இது. லாஞ்சிடியூடினல், டார்ஷனல்னு டிப் ஆடுற ரெண்டு விதத்தை எப்படி ஒப்பிடுறதுன்னு பாப்போம். கேஸ் முடிஞ்சதும் ஸ்க்ரீன்ல வர்ற சிடிஇ நம்பரை (மொத்தமா செலவான அல்ட்ராசவுண்ட் எனர்ஜியோட கணக்கு) வச்சு "இது கம்மி, அப்ப இதான் பெஸ்ட்"னு முடிவு கட்டாதீங்க. ஆல்கான் மெஷின்ல டார்ஷனல் எனர்ஜியை 0.4ஆல பெருக்கிதான் சிடிஇல சேக்குறாங்க, அதனால ஃபார்முலாலயே அது கம்மியாதான் வரும், வேற கம்பெனி மெஷின்னா கணக்கே வேற, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்குறதுல அர்த்தமே இல்ல.

மொதல்ல டிப் (அல்ட்ராசவுண்ட்ல அதிர்ற ஊசி முனை) என்ன பண்ணுதுன்னு புரிஞ்சுக்கோங்க. 1967ல சார்லஸ் கெல்மன், பல் டாக்டர் யூஸ் பண்ற அல்ட்ராசவுண்ட் கருவியைப் பாத்து ஆரம்பிச்சு வச்சது லாஞ்சிடியூடினல்தான். டிப் கடப்பாரை மாதிரி முன்னாடி பின்னாடி போகும், முன்னாடி போறப்ப மட்டும்தான் உடைக்கும், அதே வேகத்துல துண்டைத் தள்ளியும் விட்ரும், அதான் நியூக்ளியஸ் (லென்ஸோட கெட்டியான நடுப்பகுதி) டிப்புல நிக்காம சாட்டர் ஆகுது, அதாவது தட்டித் தட்டி விலகுது. டார்ஷனல்ல (ஆல்கான்ல இதுக்குப் பேரு ஓசில்) டிப் பக்கவாட்டுல ஆடும், ரெண்டு பக்கமும் வெட்டும், தள்ளாது. 32 கிலோஹெர்ட்ஸ்லதான் ஓடுது, அதோட வளைஞ்ச டிப்புங்கறதால நுனிதான் நல்லா ஆடும், இன்சிஷன்கிட்ட அசைவு கம்மி, அதனால காயம் சுடுற ரிஸ்க்கும் கம்மி. நேர் டிப்பைப் போட்டுட்டு டார்ஷனல் வேலை செய்யலன்னு சொல்லாதீங்க ப்ளீஸ். ஆனா நல்ல கெட்டியான ப்ரவுன் நியூக்ளியஸ்ல டார்ஷனல் மட்டும் ஓட்டுனா டிப் அடைச்சுக்கும், அங்க நடுநடுவுல கொஞ்சம் லாஞ்சிடியூடினல் கலந்தாதான் க்ளியர் ஆகும்.

பல்ஸ், பர்ஸ்ட் (எனர்ஜியை விட்டு விட்டுக் குடுக்குற மோடுங்க) எல்லாம் தனிக் கதை. பல்ஸ்ல பெடலை அழுத்த அழுத்த பவர் ஏறும், பர்ஸ்ட்ல பவர் மாறாது, இடைவெளிதான் சுருங்கும். சாப் பண்றப்ப (நியூக்ளியஸைப் பிளக்குறப்ப) டிப்பை உள்ள பதிக்க பர்ஸ்ட், துண்டை எடுக்க பல்ஸ்.

இப்ப ஒப்பிடுறது. ஒரே கிரேடு நியூக்ளியஸ், ஒரே சர்ஜன், ஒரே டெக்னிக் (ஒண்ணுல பள்ளம் தோண்டிப் பிளக்குற டிவைட் அண்ட் காங்கர் இன்னொண்ணுல தோண்டாம பிளக்குற டைரக்ட் சாப்னா கதை முடிஞ்சுது, எனர்ஜி குறைஞ்சது சாப்பாலயா டார்ஷனலாலயான்னே தெரியாது), வேக்குவமும் பாட்டில் ஹைட்டும் விஸ்கோவும்கூட (கண்ணுக்குள்ள போடுற ஜெல்) ஒண்ணா இருக்கட்டும். உள்ள போன ஃப்ளூயிடு எவ்ளோன்னு எழுதி வைங்க. ஆபரேஷனுக்கு முன்னாடியும் மறுநாளும் பேக்கிமெட்ரி (கார்னியா தடிமன்), முன்னாடியும் மூணு மாசம் கழிச்சும் ஸ்பெகுலர் (எண்டோதீலியல் செல் எண்ணிக்கை). கார்னியாவோட உள்பக்கம் இருக்குற இந்த எண்டோதீலியல் செல் போனா திரும்ப வளராது, அதனால எத்தனை சதவீதம் போச்சுங்கறதுக்குதான் என் ஓட்டு, மத்ததெல்லாம் அதுக்குக் கீழதான்.

சாஃப்ட் கேஸ்ல பெருசா வித்தியாசம் தெரியாது, எதை ஓட்டுனாலும் மறுநாள் கார்னியா பளிச்சுன்னு இருக்கும். கல்லு மாதிரி இருக்குற கேஸ், அதுலயும் செல் கவுண்ட் ஏற்கனவே கம்மின்னா, எந்த மோடுன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி அல்ட்ராசவுண்டே வேணாமே, எஸ்ஐசிஎஸ் (சின்ன வெட்டு போட்டு கையாலயே நியூக்ளியஸை எடுக்குறது) பண்ணிடலாமான்னு சீனியர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.